ஆய்வகக் கணினிகள் அனைத்துக்கும் ஒரே ஒழுங்கு
விண்டோஸ் ரெஜிஸ்ட்ரி அமைப்புகளை ஸ்கிரிப்ட் மூலம் நிர்வகிக்கும் முறை

இணையவழி மதிப்பீடு நடக்கும் நாளில் கணினி ஆய்வகத்தில் இப்படி ஒரு நிலைமை ஏற்படுவதுண்டு. 20 கணினிகளில் 18 ஒழுங்காக இயங்கும். ஒரு கணினி மட்டும் தேர்வின் நடுவே புதுப்பித்தலுக்காகத் தானே மறுதொடக்கம் ஆகிவிடும். இன்னொன்றில் தமிழ் விசைப்பலகை இருக்காது. அந்த இரண்டு இடங்களில் அமர்ந்த மாணவர்களுக்குப் பத்து நிமிடம் வீணாகும். மற்றவர்களைவிட அவர்கள் எதிலும் குறைந்தவர்கள் அல்லர். அமர்ந்த இடம்தான் வேறு.

ஒரே நாளில் வாங்கிய, ஒரே மாதிரியான கணினிகள் ஓராண்டுக்குள் எப்படி வெவ்வேறாக மாறிவிடுகின்றன? ஒவ்வொரு கணினியிலும் அவ்வப்போது யாரோ ஒருவர் ஏதோ ஓர் அமைப்பை மாற்றியிருப்பார். சில மாற்றங்கள் நன்மைக்கே செய்யப்பட்டவை. ஆனால் என்ன மாற்றினோம், எந்தெந்தக் கணினியில் மாற்றினோம் என்று எழுதி வைத்திருக்க மாட்டோம். இதைச் சரிசெய்ய விலை உயர்ந்த மென்பொருள் தேவையில்லை. வேண்டிய அமைப்புகளை ஒரு முறை தெளிவாக எழுதி, எல்லாக் கணினிகளிலும் அதையே இயக்கும் பழக்கம் போதும். அதற்கு முதலில் விண்டோஸ் தன் அமைப்புகளை எங்கே வைத்திருக்கிறது என்று பார்ப்போம்.

ரெஜிஸ்ட்ரி என்பது என்ன?

பள்ளியில் சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, இருப்புப் பதிவேடு என்று வைத்திருக்கிறோம். விண்டோஸ் இயங்குதளமும் அப்படி ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. அதன் பெயர் ரெஜிஸ்ட்ரி. தொடக்கத்தில் ஒவ்வொரு மென்பொருளும் தன் அமைப்புகளைத் தனித்தனி உரைக் கோப்புகளில் வைத்திருந்தது. 1992இல் வந்த விண்டோஸ் 3.1 பதிப்பில் ரெஜிஸ்ட்ரி சிறிய அளவில் அறிமுகமானது. விண்டோஸ் 95 காலத்தில் அது கணினியின் மையப் பதிவேடாக வளர்ந்துவிட்டது.

ரெஜிஸ்ட்ரியின் உள்ளமைப்பு கோப்புறைகளைப் போன்றது. கோப்புறைக்கு இங்கே ‘கீ’ என்று பெயர். ஒரு கீயின் உள்ளே துணைக் கீகள் இருக்கும். அவற்றுள் ‘மதிப்புகள்’ இருக்கும். ஒவ்வொரு மதிப்புக்கும் பெயர், வகை, தரவு என மூன்று கூறுகள் உண்டு. வகைகளில் நாம் அடிக்கடி பார்ப்பவை இரண்டு: எண்ணைக் குறிக்கும் டி-வேர்ட், எழுத்துத் தொடரைக் குறிக்கும் ஸ்ட்ரிங். இந்த வகை வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஸ்ட்ரிங் வகையில் இருக்க வேண்டிய இடத்தில் டி-வேர்டாக எழுதினால், எண் சரியாக இருந்தும் விண்டோஸ் அதைப் பொருட்படுத்தாமல் போகலாம்.

பள்ளிக்குப் பொதுவானது, மாணவருக்கு உரியது

ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்தால் ஐந்து பெரும் பிரிவுகள் தெரியும். நமக்கு முக்கியமானவை இரண்டு. ‘லோக்கல் மெஷின்’ என்ற பிரிவில் அந்தக் கணினி முழுவதற்கும் பொதுவான அமைப்புகள் உள்ளன. ‘கரன்ட் யூசர்’ என்ற பிரிவில் அப்போது உள்நுழைந்திருக்கும் பயனருக்கு மட்டும் உரியவை உள்ளன. முன்னது பள்ளியின் வேலை நேரம் போன்றது. பின்னது ஒரு மாணவரின் தனிப்பட்ட பதிவு போன்றது.

பல ஆய்வகங்களில் இந்த வேறுபாட்டில்தான் குழப்பம் வருகிறது. நிர்வாகி கணக்கில் உள்நுழைந்து, ‘கரன்ட் யூசர்’ பிரிவில் ஓர் அமைப்பை மாற்றிவிட்டு, வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவோம். அடுத்த நாள் மாணவர் கணக்கில் பார்த்தால் எதுவும் மாறியிருக்காது. மாற்றம் நிர்வாகியின் பதிவில் நடந்ததே தவிர, மாணவர் கணக்கின் பதிவைத் தொடவே இல்லை. எனவே எந்த அமைப்பை மாற்றும் முன்பும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: இது கணினிக்கு உரியதா, பயனருக்கு உரியதா? கணினிக்கு உரியதென்றால் நிர்வாகி உரிமையோடு ஒரு முறை இயக்கினால் போதும். பயனருக்கு உரியதென்றால் மாணவர் கணக்கு உள்நுழையும்போது அது இயங்க வேண்டும்.

சுற்றறிக்கையும் வழக்கமும்

ஒரு பள்ளியில் வழக்கமாக 9.30க்குக் காலை வழிபாடு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். துறையிலிருந்து 9.15க்கு நடத்துமாறு சுற்றறிக்கை வந்தால், அது இருக்கும்வரை சுற்றறிக்கைதான் செல்லும். அது திரும்பப் பெறப்பட்டால் பழைய வழக்கம் தொடரும். வழக்கத்தை யாரும் அழித்துவிடவில்லை.

விண்டோஸிலும் இப்படி இரண்டு அடுக்குகள் உண்டு. பயனர் தாமே மாற்றிக்கொள்ளும் சாதாரண அமைப்புகள் வழக்கத்தைப் போன்றவை. விண்டோஸ் 2000 பதிப்பில் அறிமுகமான ‘குரூப் பாலிசி’ சுற்றறிக்கையைப் போன்றது. இந்தக் கொள்கைகள் ரெஜிஸ்ட்ரியில் ‘பாலிசீஸ்’ என்று பெயரிட்ட தனிக் கீகளில் எழுதப்படுகின்றன. சாதாரணப் பயனருக்கு அந்தக் கீகளில் எழுத உரிமை இல்லை. ஆகவே ஆய்வகத்தில் மாணவர் கணக்கு நிர்வாகி உரிமை இல்லாததாக இருந்தால், மாணவர்கள் அவற்றை மாற்ற முடியாது. கொள்கையை விலக்கினால் பழைய அமைப்பு மீண்டும் செயல்படும்.

‘பாலிசீஸ்’ கீகளுக்கு வெளியே எழுதும் மதிப்புகளுக்கு இந்த வசதி இல்லை. எழுதியது அப்படியே நிலைத்துவிடும். கணினி நிர்வாகிகள் இதைப் பச்சை குத்துதல் என்பார்கள். நாமே போய் அழித்தால்தான் போகும். ஒரே வேலைக்குக் கொள்கையும் இருக்கிறது, சாதாரண மதிப்பும் இருக்கிறது என்றால் கொள்கையைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். குரூப் பாலிசி வழியாக அமைத்த கொள்கையை விலக்கும்போது அதன் மதிப்பை விண்டோஸே நீக்கிவிடும். நம் ஸ்கிரிப்ட் நேரடியாக ‘பாலிசீஸ்’ கீயில் எழுதினால், நீக்கும் வேலையும் நம்முடையதே.

ஸ்கிரிப்ட் என்ன செய்கிறது?

ஸ்கிரிப்ட் என்பது கணினிக்குத் தரும் கட்டளைகளை வரிசையாக எழுதிய உரைக் கோப்பு. விண்டோஸில் இதற்குப் பவர்ஷெல் என்ற கருவி உடன் வருகிறது. ரெஜிஸ்ட்ரி மதிப்புகளைக் கொண்ட ‘ரெஜ்’ கோப்பை இருமுறை சொடுக்கிச் சேர்க்கும் எளிய வழியும் உண்டு. ஆனால் ரெஜ் கோப்பு முன்பு என்ன இருந்தது என்று பார்க்காது. எழுதிவிட்டு முடித்துக்கொள்ளும். நல்ல ஸ்கிரிப்ட் ஒவ்வோர் அமைப்புக்கும் நான்கு படிகளைச் செய்யும்:

1. பார்: அந்தக் கீ இருக்கிறதா, மதிப்பு இப்போது என்ன?
2. மாற்று: வேண்டிய மதிப்பு ஏற்கெனவே இருந்தால் எதையும் தொடாதே. இல்லையென்றால் சரியான வகையில் எழுது.
3. மீண்டும் பார்: எழுதியது பதிந்ததா?
4. குறித்து வை: கணினியின் பெயர், நாள், முன்பிருந்த மதிப்பு, இப்போதைய மதிப்பு.

இரண்டாவது படியைக் கவனியுங்கள். சரியாக இருப்பதைத் தொடாத ஸ்கிரிப்டை எத்தனை முறை இயக்கினாலும் தீங்கில்லை. எனவே ஒவ்வொரு முறை கணினி தொடங்கும்போதும் அதை இயக்கலாம். யாராவது ஓர் அமைப்பை மாற்றியிருந்தால் அடுத்த நாள் காலையில் அது தானாகச் சரியாகிவிடும். குரூப் பாலிசியும் இப்படித்தான். கணினி தொடங்கும்போதும் பயனர் உள்நுழையும்போதும் அது செயல்படுகிறது. மைய சேவையகத்தோடு இணைந்த கணினிகளில் இயல்பாக 90 நிமிடத்துக்கு ஒரு முறையும், அதோடு 30 நிமிடம் வரை கூடுதல் இடைவெளி விட்டும், தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் சேவையகத்தை அணுகாமல் இருக்கவே அந்தக் கூடுதல் இடைவெளி.

நான்காவது படியில் கிடைக்கும் குறிப்பு ஒரு வருகைப் பதிவேடு போலப் பயன்படும். 20 கணினிகளில் 17இன் குறிப்புகள் மட்டும் இருந்தால், மூன்று கணினிகள் ‘வரவில்லை’ என்று உடனே தெரியும்.

நம் ஆய்வகத்துக்கு நான்கு அமைப்புகள்

முதலாவது, மறுதொடக்கம். புதுப்பித்தலை அடியோடு நிறுத்துவது ஆபத்து. 2017 மே மாதம் உலகெங்கும் கணினிகளை முடக்கிய வான்னாகிரை தீநிரல் பயன்படுத்திய ஓட்டைக்கு, மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் மாதமே திருத்தம் வெளியிட்டிருந்தது. புதுப்பிக்காத கணினிகள்தாம் மாட்டிக்கொண்டன. நமக்குத் தேவை பள்ளி நேரத்தில் மறுதொடக்கம் ஆகாமல் இருப்பது மட்டுமே. அதற்கு ‘ஆக்டிவ் ஹவர்ஸ்’ என்ற கொள்கை உண்டு. தொடக்கம் 8, முடிவு 18 என்று வைத்தால் காலை 8 முதல் மாலை 6 வரை கணினி தானாக மறுதொடக்கம் ஆகாது. இந்த இடைவெளி அதிகபட்சம் 18 மணி நேரம் வரை இருக்கலாம். வாரத்தில் ஒரு நாள் பள்ளி முடிந்தபின் புதுப்பித்தலுக்கென்று கணினிகளை இயக்கி, மறுதொடக்கம் செய்து, அணைத்துவிட்டுப் போவதையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, பென்டிரைவ். யுஎஸ்பி சேமிப்புக் கருவிகளுக்கான ‘யுஎஸ்பிஸ்டோர்’ கீயில் ‘ஸ்டார்ட்’ மதிப்பை 3லிருந்து 4 ஆக்கும் முறை பலருக்கும் தெரிந்தது. விசைப்பலகை, சுட்டி ஆகியவை இதனால் பாதிக்கப்படா. ஆனால் அந்தக் கணினியில் இதுவரை செருகாத புதிய பென்டிரைவை நிறுவும்போது இந்த மதிப்பு பழையபடி மாறிவிட வாய்ப்புண்டு. அதோடு, பாடக் காணொளியைப் பென்டிரைவில் கொண்டுவரும் ஆசிரியரின் வேலையும் நின்றுவிடும். ‘ரிமூவபிள் ஸ்டோரேஜ் ஆக்சஸ்’ என்ற கொள்கைப் பிரிவில் இதைவிட நயமான வழி இருக்கிறது. வாசித்தல், எழுதுதல், இயக்குதல் ஆகிய மூன்றையும் தனித்தனியாகத் தடுக்கலாம். இயக்குதலை மட்டும் தடுத்தால், பென்டிரைவில் உள்ள காணொளியையும் ஆவணத்தையும் திறக்கலாம். அதிலுள்ள நிரலை நேரடியாக இயக்க முடியாது. நிரலைக் கணினிக்கு நகலெடுத்து இயக்குவதை இது தடுக்காது என்பதால், தீநிரல் தடுப்பு மென்பொருளும் நடப்பில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, ஸ்டிக்கி கீஸ். ஷிஃப்ட் விசையை ஐந்து முறை தொடர்ந்து அழுத்தினால் ஒரு பெட்டி தோன்றும். அதன் பொருள் தெரியாமல் ஏதோ ஒரு பொத்தானைச் சொடுக்கிவிட்டு, விசைப்பலகை கெட்டுவிட்டதாக மாணவர்கள் நினைப்பார்கள். ‘கரன்ட் யூசர்’ பிரிவில் ஸ்டிக்கி கீஸுக்கான ‘ஃப்ளாக்ஸ்’ மதிப்பை 510லிருந்து 506 ஆக்கினால் அந்தக் குறுக்குவழி நின்றுவிடும். இது எண் போலத் தெரிந்தாலும் ஸ்ட்ரிங் வகை. ஒன்றை மறக்கக் கூடாது. இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்த முடியாத மாற்றுத்திறன் குழந்தைகளுக்காகவே இந்த வசதி உருவாக்கப்பட்டது. அத்தகைய மாணவர் நம் பள்ளியில் இருந்தால், அவருடைய கணக்கை இந்த மாற்றத்திலிருந்து விலக்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே ஒழுங்கு என்பதற்காக ஒரு குழந்தைக்குத் தேவையானதைப் பறித்துவிடக் கூடாது.

நான்காவது, தமிழ் விசைப்பலகை. இது பயனருக்கு உரிய அமைப்பு. ‘கீபோர்ட் லேஅவுட்’ கீயின் கீழ் ‘ப்ரீலோட்’ என்ற இடத்தில் பதிகிறது. இதை நேரடியாக எழுதுவதைவிட, பயனரின் மொழிப்பட்டியலை அமைக்கப் பவர்ஷெல்லில் இருக்கும் தனிக் கட்டளையைப் பயன்படுத்துவது பாதுகாப்பானது. ஒரு வேலைக்கென்றே கட்டளையோ அமைப்புப் பக்கமோ இருந்தால் அதைப் பயன்படுத்துவோம். அது இல்லாதபோதே ரெஜிஸ்ட்ரியில் கைவைப்போம். தமிழ்99, இன்ஸ்கிரிப்ட் ஆகியவற்றில் எதை வைப்பது என்பதைத் தமிழாசிரியர்களோடு பேசி முடிவுசெய்து, எல்லாக் கணினிகளிலும் அதையே வைப்போம். இனி உருவாக்கப்படும் கணக்குகளுக்கும் அதே அமைப்பு போய்ச் சேர, மண்டல அமைப்புகளின் நிர்வாகப் பகுதியில் நகலெடுக்கும் வசதி இருக்கிறது.

எழுதினால் போதாது, சோதிக்கவும் வேண்டும்

2008 நவம்பரில் கான்ஃபிக்கர் என்ற தீநிரல் கண்டறியப்பட்டது. அதன் பிந்தைய வடிவங்கள் பென்டிரைவ் வழியாகவும் பரவின. பென்டிரைவைச் செருகியதும் அதிலுள்ள நிரலைத் தொடங்க உதவும் ஆட்டோரன் வசதியே அவற்றுக்கு வழி. ஆட்டோரனை நிறுத்த ஒரு ரெஜிஸ்ட்ரி மதிப்பு இருந்தது. எல்லா வகை இயக்கிகளுக்கும் சேர்த்து அதை 255 என்று வைக்க வேண்டும். பல நிர்வாகிகள் அப்படியே வைத்தார்கள்.

2009 ஜனவரியில் அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான யுஎஸ்-செர்ட் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அந்த மதிப்பைச் சரியாக எழுதியிருந்தாலும் விண்டோஸ் ஆட்டோரனை முழுமையாக நிறுத்துவதில்லை என்பதே அது. அடுத்த மாதம் மைக்ரோசாஃப்ட் அதைத் திருத்தும் புதுப்பித்தலைப் பரவலாக வழங்கியது. பின்னர் வந்த விண்டோஸ் 7, பென்டிரைவ்களுக்கு ஆட்டோரனை இயல்பாகவே கைவிட்டது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது: ரெஜிஸ்ட்ரியில் எண் சரியாகப் பதிந்திருப்பது ஒன்று, கணினி அதன்படி நடப்பது இன்னொன்று. ஸ்கிரிப்ட் ‘சரி’ என்று குறித்தாலும், மாணவர் கணக்கில் உள்நுழைந்து பென்டிரைவைச் செருகிப் பாருங்கள். ஷிஃப்டை ஐந்து முறை அழுத்திப் பாருங்கள். தமிழில் ஒரு வரி தட்டச்சு செய்து பாருங்கள்.

எல்லாக் கணினிகளுக்கும் கொண்டுசெல்வது எப்படி?

மைய சேவையகம் உள்ள இடத்தில் குரூப் பாலிசியே போதும். பெரும்பாலான பள்ளி ஆய்வகங்களில் அது இருக்காது. அங்கே இரண்டு வழிகள் உண்டு. விண்டோஸின் புரோ, எஜுகேஷன் பதிப்புகளில் தனிக் கணினிக்கான கொள்கை எடிட்டர் உண்டு. ஒரு கணினியில் கொள்கைகளை அமைத்துவிட்டு, மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் எல்ஜிபிஓ என்ற சிறு கருவியால் அவற்றை ஏற்றுமதி செய்து மற்றக் கணினிகளில் இறக்கலாம்.

ஹோம் பதிப்பில் அந்த எடிட்டர் இல்லை. அங்கே பவர்ஷெல் ஸ்கிரிப்டை ஒவ்வொரு கணினியிலும் வைத்து, ‘டாஸ்க் ஷெட்யூலர்’ மூலம் கணினி தொடங்கும்போது இயங்குமாறு அமைக்கலாம். பயனருக்கு உரிய அமைப்புகளுக்குத் தனி ஸ்கிரிப்ட் எழுதி, உள்நுழையும்போது இயங்குமாறு வைக்க வேண்டும். முன்பே பிரித்துப் பார்த்த வேறுபாடு இங்கே பயன்படுகிறது. ஹோம் பதிப்பு எல்லாக் கொள்கைகளையும் ஏற்பதில்லை. எது செயல்படுகிறது என்பதை முதலில் ஒரு கணினியில் சோதித்து அறிய வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

• அனுமதி: உயர் தொழில்நுட்ப ஆய்வகம் போன்ற இடங்களில் பராமரிப்புப் பொறுப்பு வேறொருவரிடம் இருக்கலாம். தலைமையாசிரியரின் ஒப்புதலும் பொறுப்பாளரின் அனுமதியும் இல்லாமல் எதையும் மாற்ற வேண்டாம்.

• காப்புப்படி: மாற்றப்போகும் கீயை முதலில் ஏற்றுமதி செய்து வையுங்கள். மீட்டெடுப்புப் புள்ளி ஒன்றும் உருவாக்குங்கள்.

• ஒரு கணினி, பிறகு மூன்று, பிறகு அனைத்தும்: முதல் கணினியில் ஒரு வாரம் ஓடட்டும். தேர்வுக்கு முந்தைய நாள் புதிய மாற்றம் எதையும் செய்ய வேண்டாம்.

• திரும்பும் வழி: ஒவ்வொரு ஸ்கிரிப்டுக்கும் அதன் மாற்றங்களை நீக்கும் இணை ஸ்கிரிப்ட் ஒன்று இருக்கட்டும். அதையும் சோதித்துப் பாருங்கள்.

• ஸ்கிரிப்ட் இருக்கும் இடம்: நிர்வாகி உரிமையோடு இயங்கும் ஸ்கிரிப்டை மாணவர் திருத்த முடிந்தால் கணினியே அவர் கையில் போய்விடும். நிர்வாகி மட்டும் எழுதக்கூடிய கோப்புறையில் வையுங்கள். ஸ்கிரிப்டின் உள்ளே கடவுச்சொல்லை எழுதாதீர்கள்.

• பவர்ஷெல்லின் தடை: விண்டோஸ் கணினிகளில் ஸ்கிரிப்ட் இயங்க இயல்பாக அனுமதி இராது. நாமே எழுதியதை மட்டும் இயக்க ‘ரிமோட் சைன்டு’ என்ற நிலை போதும். தடையை முழுவதுமாக நீக்கச் சொல்லும் அறிவுரைகளை ஏற்க வேண்டாம். இணையத்தில் கிடைத்த ஸ்கிரிப்டை வரிவரியாகப் புரிந்துகொள்ளாமல் இயக்கவும் வேண்டாம்.

• ரெஜிஸ்ட்ரி கிளீனர்: கணினியை வேகமாக்குவதாகச் சொல்லும் இத்தகைய மென்பொருள்களை மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை. தேவையான கீயை அவை அழித்துவிட்டால் விண்டோஸை மீண்டும் நிறுவ நேரலாம்.

பாஸ் லினக்ஸ் போன்ற லினக்ஸ் இயங்குதளங்களில் ரெஜிஸ்ட்ரி கிடையாது. கணினிக்குப் பொதுவான அமைப்புகள் பெரும்பாலும் உரைக் கோப்புகளாகவும், பயனருக்கு உரியவை அவரவர் கோப்புறையிலும் இருக்கும். ஆனால் பார், மாற்று, மீண்டும் பார், குறித்து வை என்ற முறை அங்கும் அப்படியே பொருந்தும்.

மாணவர்களோடு சேர்ந்து

மேல்நிலை வகுப்பில் கணினி அறிவியல் படிக்கும் மாணவர்களுக்கு இது நல்ல செயல்முறைப் பாடம். நிபந்தனைக் கூற்று, மடக்கு, தரவு வகை, கோப்பில் எழுதுதல் என்று புத்தகத்தில் படித்தவை அனைத்தும் இந்தச் சிறிய ஸ்கிரிப்டில் வருகின்றன. எழுதும் பொறுப்பை ஆசிரியர் வைத்துக்கொண்டு, சோதிக்கும் வேலையை மாணவர் குழுவுக்குத் தரலாம். ஒவ்வொரு கணினியிலும் மாணவர் கணக்கில் உள்நுழைந்து நான்கு அமைப்புகளையும் சரிபார்த்துப் பட்டியலில் குறிப்பார்கள். நாம் பார்க்கத் தவறியதை அவர்கள் கண்டுபிடிப்பார்கள்.

தொடங்குவதற்கு ஒரு தாள் போதும். நம் ஆய்வகத்தில் எல்லாக் கணினிகளிலும் எப்படி இருக்க வேண்டும் என்று நினைக்கும் அமைப்புகளை எழுதுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் கணினிக்கு உரியதா, பயனருக்கு உரியதா, ஏன் தேவை, யாருக்கு விலக்கு என்று குறியுங்கள். அந்தத் தாளை ஆய்வகத்தின் இருப்புப் பதிவேட்டோடு சேர்த்து வையுங்கள். அதிலிருந்து ஓர் அமைப்பை மட்டும், ஒரு கணினியில் மட்டும், இந்த வாரம் செய்து பாருங்கள். நாளை உங்களுக்குப் பணிமாறுதல் வந்தாலும், அடுத்து வரும் ஆசிரியர் அந்தத் தாளையும் ஸ்கிரிப்டையும் வைத்து வேலையைத் தொடரலாம்.